தாத்தாவின் கேமரா

மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பரணில் பல்லாண்டுகள் கிடந்தது தாத்தாவின் யாஷிகா எலக்ட்ரோ 35. அது 1966-இல் வெளிவந்த வகை. பார்க்கும் கண்ணாடியில் தெரியும் இரட்டை உருவங்கள் ஒன்றானால்தான் படம் தெளிவாக விழும். எங்கள் அசட்டையால் உள்ளே பூஞ்சை படிந்து, அவை ஒன்றாக மறுத்தன.

தாம்பரத்தில் பழுது பார்க்கும் பெரியவரிடம் தாத்தாவுடன் சென்றோம்.

"புதுப் பாகம் ஏதம்மா? 2005-லேயே கேமரா தயாரிப்பை நிறுத்திவிட்டார்களே!" என்றார். பின்னர், ஓடாத இன்னொரு யாஷிகாவைத் திறந்து, அதிலிருந்த சிறு கண்ணாடியை எடுத்துப் பொருத்தினார். கிடைக்காத பழைய பாதரச பாட்டரிக்குப் பதில் 6 வோல்ட் பாட்டரியை இட்டார். உருவங்கள் இணைந்தன, தாத்தாவின் கண்கள் கலங்கின.

"இந்த வேலையை உங்களிடம் யார் கற்கிறார்கள், ஐயா?" என்று கேட்டோம்.

"யாருமில்லை அம்மா."

பாகங்கள் தீருமுன் கைகள் தீர்ந்துவிடுமோ? தேர்வு முடிந்ததும் திருப்புளி பிடிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.