நாலணா அபராதம்

பேத்தியின் பள்ளி விடுமுறைக்காக 2019 கோடையில் நானும் வீட்டுக்காரம்மாவும் கலிபோர்னியாவில் மகள் வீட்டில் இருந்தோம். அப்போது நடந்த ஒன்றை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். எழுதினால் என் தப்பு ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும் என்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒரு நாள் காய்கறி வாங்கப் போகும் வழியில், 'ஸ்டாப்' பலகை இருந்த முனையில் மாப்பிள்ளை வண்டியை முழுசாக நிறுத்தாமல் மெதுவாக உருட்டித் திருப்பிவிட்டார். பின்னாலேயே போலீஸ் வண்டி வந்தது. அந்த அதிகாரி மரியாதையாகப் பேசினார், சீட்டு கொடுத்தார், போய்விட்டார். சில வாரம் கழித்து நீதிமன்றத்திலிருந்து தபால் வந்தது. கட்ட வேண்டிய தொகை 238 டாலர்.

கணக்கு வாத்தியார் சும்மா இருப்பானா? அந்த மாநில நீதித்துறை வெளியிடும் அபராத அட்டவணையை இணையத்தில் தேடி எடுத்து, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அந்தக் குற்றத்துக்கு அடிப்படை அபராதம் வெறும் 35 டாலர்தான். மீதியெல்லாம் அதன் தலையில் ஏற்றியவை. ஒவ்வொரு 10 டாலருக்கும் மாநிலத்துக்கு 10, மாவட்டத்துக்கு 7, நீதிமன்றக் கட்டடத்துக்கு 5, டி.என்.ஏ. நிதிக்கு 5, அவசர மருத்துவத்துக்கு 2, ஆக 29 டாலர். இதில் ஒரு வேடிக்கை: 10 டாலரின் பகுதியும் முழுப் பத்தாகவே கணக்காகும். எனவே 35 என்பது 40 ஆகிவிடும். நாலு இருபத்தொன்பது நூற்றுப் பதினாறு. அதோடு 20 சதவீத சர்சார்ஜ் 7 டாலர். நீதிமன்றச் செலவு முதலான கட்டணங்கள் 80. கூட்டிப் பாருங்கள், 238 சரியாக வரும்.

மாநிலத்துக்குப் போகும் அந்தத் தொகையிலிருந்துதான் போலீஸ் பயிற்சிக்குப் பணம் போகிறது. அங்கே போலீஸ்காரர்களின் தகுதியையும் பயிற்சியையும் வரையறுக்க 1959-ல் ஓர் ஆணையம் அமைத்தார்கள். வேகமாக ஓட்டும் பழக்கத்துக்கான சிமுலேட்டர், எப்போது துப்பாக்கியை எடுக்கலாம், எப்போது கூடாது என்று திரையில் காட்டிப் பழக்கும் சிமுலேட்டர் என்று கருவிகளும் அந்த ஆணையத்தின் வழியாகப் பயிற்சி மையங்களுக்குப் போயின. பணத்துக்கு வழி, அபராதத்தின் மேல் அபராதம். 2017 வரை இருந்த சூத்திரப்படி, மாநிலக் கூடுதல் கட்டணத்தில் 70 சதவீதம் மாநில நிதிக்குப் போகும். அதில் ஏறத்தாழ 24 சதவீதம் போலீஸ் பயிற்சிக்கு. மாப்பிள்ளையின் சீட்டுக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டால் ஏழு டாலருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. 2017-ல் சூத்திரத்தை எடுத்துவிட்டு, ஆண்டுதோறும் பட்ஜெட்டில் முடிவு செய்யும் முறைக்கு மாறினார்கள்.

"நல்லதுதானே மாமா, தப்பு பண்ணினவன் காசுல போலீஸுக்குப் பயிற்சி. யோக்கியன் ஏன் வரி கட்டணும்?" என்றார் மாப்பிள்ளை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பேச்சு வரவில்லை. ஏனென்றால் இதே யோசனையை நான் 1986-ல் செய்து பார்த்தவன்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு வகுப்பாசிரியர். பசங்களுக்கு வாலிபால் இல்லை. மணி அடித்த பிறகு வருகிறவன் நாலணா போட வேண்டும், அதில் பந்து வாங்கலாம் என்று ஏற்பாடு செய்தேன். மேஜை மேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். முதல் மாதம் காசு நன்றாகச் சேர்ந்தது. இரண்டாம் மாதம் எல்லோரும் நேரத்துக்கு வர ஆரம்பித்தார்கள். வாத்தியாருக்குச் சந்தோஷம் வர வேண்டும் அல்லவா? எனக்கு வரவில்லை. பாட்டில் நிறையவில்லையே என்று இருந்தது. ஒரு நாள், வாசலில் ஓடி வந்துகொண்டிருந்த இரண்டு பேரைப் பார்த்த பிறகும், வாட்ச்மேனிடம் "மணி அடிப்பா" என்றேன். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

காலையில் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு வரும் பையன் ஒருவன் இருந்தான். அவன்தான் அடிக்கடி தாமதம். பாட்டிலில் பாதிக்காசு அவனுடையதுதான். திடீரென்று வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். பத்து நாள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா, "ஒன்னே முக்கா ரூவா பாக்கி இருக்காம் சார், சேத்துக்கிட்டு வர்றேன்னான்" என்றார். மறுநாள் அவனை அழைத்து வந்தேன், பாட்டிலை எடுத்து உள்ளே வைத்தேன். பந்தை என் சம்பளத்தில் வாங்கினேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

கலிபோர்னியாவிலும் இதே கதைதான் பெரிய அளவில் நடந்தது. 238 டாலர் மாப்பிள்ளைக்கு ஒரு சின்ன எரிச்சல். ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவருக்கு அது அந்த மாத வாடகையில் விழும் ஓட்டை. கட்ட முடியாதவர்களின் ஓட்டுநர் உரிமத்தையே முடக்கி வைத்தார்கள். கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத ஊர் அது. வேலை போனால் அபராதத்தை எப்படிக் கட்டுவது? 2017-ல்தான் பணம் கட்டாததற்காக உரிமம் முடக்குவதை நிறுத்தினார்கள். இன்னொரு பக்கம், அபராத வசூல் குறைந்தபோது பயிற்சிக்கான பணமும் சுருங்கியது. ஜனங்கள் ஒழுங்காக வண்டி ஓட்டினால் போலீஸுக்குப் பயிற்சி குறையும்! இதைவிடத் தலைகீழான கணக்கை நான் எந்த மாணவனின் விடைத்தாளிலும் பார்த்ததில்லை.

அபராதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த முனையில் மாப்பிள்ளை நின்றிருக்கத்தான் வேண்டும். குழந்தைகள் நடக்கும் தெரு அது. போலீஸுக்கு நல்ல பயிற்சியும் வேண்டும். துப்பாக்கியை எடுக்கலாமா என்று அரை நொடியில் முடிவு செய்ய வேண்டிய மனிதருக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் தகும். அதனால்தான் சொல்கிறேன், அது எல்லோருக்கும் வேண்டிய செலவு, எல்லோரும் சேர்ந்து வரியில் கொடுக்க வேண்டியது. அபராதம் தப்பு குறைவதற்காக இருக்க வேண்டும். அதில் ஒரு பாட்டிலை வைத்துவிட்டால், வைத்தவனுக்குத் தப்பு குறையக் கூடாது என்ற ஆசை வந்துவிடும். நல்லவனுக்கும் வரும். எனக்கு வந்தது.

1986 எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுப் பிள்ளைகளே, உங்களுக்கும் இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். யாருடைய நாலணா எத்தனை அந்தப் பாட்டிலில் விழுந்தது என்று நினைவிருந்தால் எழுதுங்கள். வட்டியோடு தந்துவிடுகிறேன். அந்த இரண்டு பேர் யார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நேரில் பார்க்கும்போது மன்னிப்புக் கேட்கிறேன்.