தரங்கம்பாடியில் ஒரு வாடகை வீடு

அந்தியூர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் பெரிய ஏரி, வரட்டுப்பள்ளம் அணை, கொஞ்சம் தள்ளிப் போனால் பவானி கூடுதுறை. கடல் என்பது ராமேஸ்வரத்தில் முங்கி எழுந்து, ஈரத்துணியோடு பஸ் ஏறிவிடுகிற சமாச்சாரம். அதன் கரையில் வீடு பிடித்து, அடுப்பு மூட்டிக் குடியிருப்பது என்பதை எங்கள் வளவில் யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், முழுப்பரீட்சை லீவில் நாங்கள் போனோம். அப்பாவின் வெற்றிலை வியாபாரத்தில் பழக்கமான மாயவரத்துக்காரர் ஒருவர் பார்த்துக் கொடுத்த வீடு.

ஈரோட்டில் ரயிலேறி, திருச்சியில் மாறி, மாயவரத்தில் மறுபடி மாற வேண்டும். அங்கிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர்கேஜ் வண்டி ஒன்று வயல்களுக்கு நடுவே ஊர்ந்து போகும். 1926இல் போட்ட பாதை. 1986இல் நிறுத்திவிட்டார்கள், இப்போது பஸ்தான் கதி.

1792இல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டினால் ராஜ வீதி. எங்கள் வீடு அதிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது. கனத்த சுவர், மரத்தூண் வைத்த திண்ணை, மொட்டைமாடி. மாடிக்குப் போனால் டென்மார்க்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையும் அதற்கப்பால் கடலும் தெரியும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். அம்மாவுக்குச் சமையலறைதான் போர்க்களம். உப்பு ஜாடியில் காலையில் பார்த்தால் தண்ணீர் நிற்கும். அப்பளம் பொரித்த கையோடு தின்றால்தான் உண்டு. தீப்பெட்டி இரண்டு நாளில் நமுத்துப்போய், குச்சியின் மருந்து உதிருமே தவிர பற்றாது. பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, தீப்பெட்டியை அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்லிக் கொடுத்தார். கிணற்றுத் தண்ணீர் கரித்தது. ஊரிலிருந்து கொண்டுபோன கொள்ளு அந்தத் தண்ணீரில் வேகவே இல்லை. குடிக்கவும் சமைக்கவும் தெருக்குழாயில் வரிசையில் நின்று குடம் பிடித்தோம்.

கூட வந்திருந்த ஆத்தா, எங்கள் பாட்டி, முதல் நாள் கடலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இத்தாச்சோட்டுத் தண்ணி கெடக்குது, ஒரு வெத்தலக் கொடிக்கு ஆவாதே கண்ணு" என்றாள். கொடிக்காலுக்கு மடை மாற்றியே காலம் கழித்தவளுக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் மறுநாளே, கட்டுமரங்கள் கரையேறும் நேரத்துக்குப் போய், கூடைக்காரியிடம் மத்திக்குப் பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள். சாம்பல் தொட்டு மீனைத் தேய்த்து, செவுளை ஒரே இழுப்பில் உருவுவதற்குள் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. சித்திரை வெயில் பகலெல்லாம் காய்ந்தாலும், ராத்திரி மாடியில் போர்வை தேடுகிற அளவுக்குக் காற்று.

பக்கத்து வீட்டு வாத்தியார் அய்யா சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வார். 1620இல் டென்மார்க்காரர்கள் வந்ததும், தஞ்சை ரகுநாத நாயக்கர் தங்க ஏட்டில் தமிழில் எழுதிக் கடிதம் அனுப்பியதும், அது இன்றும் கோபன்ஹேகனில் இருப்பதும், ஆண்டுக்கு 3,111 ரூபாய் வாடகைக்கு இந்த இடத்தை விட்டதும் அவர் சொல்லித்தான் தெரியும். ஆத்தா குறுக்கே புகுந்தாள்: "ஏனுங் வாத்தியாரே, கோட்டை கட்டுனவனும் வாடகைக்குத்தான் இருந்தானா? அப்புறம் அவனும் நம்மளாட்டந்தான்." வாத்தியார் சிரித்து முடிக்க நேரமாயிற்று. 1706இல் மதபோதகர் சீகன்பால்கு வந்திறங்கியது, அச்சுக்கூடம் வைத்தது, 1718இல் புதிய எருசலேம் ஆலயம் கட்டியது எல்லாம் பிற்பாடு படித்தேன். ஆத்தாவின் கேள்விக்கு முன்னால் அவையெல்லாம் எனக்குச் சின்ன விஷயங்கள்.

அந்த வாடகைக்காரர்கள் 1845இல் ஊரை, வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கரீபியன் கடலிலும் அவர்களுக்குத் தீவுகள் இருந்தன. அவற்றை 1917இல் அமெரிக்கா இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அவற்றில் ஒன்றான செயிண்ட் குரோயில், கடற்கரை வீடொன்றை லீவுக்கு வாடகைக்கு எடுத்துத் தங்கிய என் மாமன் மகள் படங்கள் அனுப்பினாள். கிறிஸ்டியன்ஸ்டெட் ஊரில் மஞ்சள் பூசிய கோட்டை, வளைவு வைத்த நடைபாதை, ஒரு ராஜ வீதி. சர்க்கரைக்காக ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுபோய்க் குவித்த தீவு அது என்பதையும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஏசி போட்ட வீட்டில் தங்கியவளுக்குத் தீப்பெட்டிக் கவலையெல்லாம் இல்லை.

தரங்கம்பாடியின் உண்மையான சொந்தக்காரன் கடல்தான். 1306இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியாக மீனவர் குடியிருப்புக்குள் புகுந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. அந்தக் கூடைக்காரியின் வீட்டில் யார் மிஞ்சினார்கள் என்று விசாரிக்கக்கூட எங்களிடம் அவள் பெயர் இல்லை. பழைய தெருக்கள் சிலவற்றைப் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் பிறகு செப்பனிட்டது. பழைய கலெக்டர் பங்களா இப்போது ஹோட்டல்.

நம் ஊர்க்காரர்கள் திருநள்ளாறு, வேளாங்கண்ணி போகிற வழியில் கோட்டை முன்னால் நின்று போட்டோ பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒரு ராத்திரியாவது, அதுவும் சமையலறை உள்ள வீடாகப் பார்த்து, தங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், மழையும் புயலும். தை, மாசி தோதான காலம். பள்ளிக்கூட லீவில்தான் போக முடியும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறிக் கிடக்கும்.