பூனைக்கண்ணும் மரபணுவும்



'உன் கண் யாரைப் போன்றது? அப்பாவையா, அம்மாவையா?' குடும்பத்தைப் பற்றிய பயிற்சித்தாள்களில் இக்கேள்வி அடிக்கடி இடம்பெறுகிறது. பார்ப்பதற்கு விளையாட்டுக் கேள்விதான். ஆனால், இதன் பொருட்டு ஒரு தாய் பள்ளி வாசலில் கண் கலங்கி நின்றதைக் கண்டபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவருடைய மகளுக்குப் பூனைக்கண். தேன் நிறம், வெயில் பட்டால் இளம்பச்சை கலந்தாற்போல் தெரியும். பெற்றோர் இருவருக்கும் அடர்பழுப்பு. "யாரைக் கொண்டு பிறந்தாளோ" என்று விருந்தொன்றில் யாரோ சிரித்துக்கொண்டே சொன்ன சொல் பிள்ளையின் காதிலும் விழுந்திருக்கிறது. பயிற்சித்தாளில் அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பாமல் கொண்டுவந்தாள். "டீச்சர், நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றார் தாய். சொன்னேன். இங்கும் எழுதுகிறேன்.

மனிதக் கண்ணில் நீலச் சாயமோ பச்சைச் சாயமோ கிடையாது. கண்மணியைச் சூழ்ந்த வண்ண வளையத்தில் இருப்பது மெலனின் என்னும் நிறமி. அது மிகுந்தால் கண் கருமையாகத் தெரியும். குறைந்தால் தேன் நிறம். மிகவும் குறைந்தால் ஒளி சிதறி, ஏறத்தாழ வானத்தைப் போலவே, நீலமாகத் தோன்றும்.

ஆசிரியர் கல்விக் கழகத்தில் நாங்கள் படித்த பாடம் எளிது: ஒரே மரபணு, பழுப்பு ஓங்கிய பண்பு, நீலம் ஒடுங்கிய பண்பு. அமெரிக்காவின் டேவன்போர்ட் இணையர் 1907ஆம் ஆண்டில் முன்வைத்த கருத்து அது. அந்தப் பழைய கணக்கின்படியே கூட, பழுப்புக்கண் பெற்றோருக்கு வெளிர்நிறக் கண்ணுடைய பிள்ளை பிறக்கலாம். இருவரும் அப்பண்பை மறைவாகச் சுமந்திருந்தால் போதும். நீலக்கண் பெற்றோருக்குப் பழுப்புக்கண் பிள்ளை பிறக்கவே பிறக்காது என்பதுதான் அக்கணக்கின் மறுபாதி. அதுவும் உண்மையன்று, அரிதெனினும் பிறப்பதுண்டு. எத்தனை வீடுகளில் அது வீண் ஐயத்தைக் கிளப்பியதோ!

2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள் 15ஆம் குரோமோசோமில் அருகருகே உள்ள இரு மரபணுக்களைச் சுட்டின. ஹெர்க்-2 என்பதனுள் ஓர் எழுத்து மாறியிருந்தால், அடுத்துள்ள ஓ.சி.ஏ.-2 மரபணுவின் வேலை தணிந்து மெலனின் குறைகிறது. நம் வீட்டு விளக்கின் சுவிட்ச் அண்டை வீட்டில் இருப்பதைப் போல! 2021ஆம் ஆண்டில் ஐரோப்பியர், ஆசியர் என ஏறத்தாழ 195,000 பேரை ஆராய்ந்தபோது, கண்ணின் நிறத்தோடு தொடர்புடைய 50 புதிய இடங்கள் மரபணுத் தொகுதியில் தென்பட்டன.

டி.என்.ஏ.வைக் கொண்டு கண்ணின் நிறத்தை முன்னுரைக்கவும் இயலும். 2011இல் அறிமுகமான ஐரிஸ்பிளெக்ஸ் முறை ஆறே இடங்களைப் படிக்கிறது. 1485இல் மாண்ட இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டுக்கு நீலக்கண் இருந்திருக்க 96 விழுக்காடு வாய்ப்புண்டு என 2014இல் அவருடைய எலும்பின் டி.என்.ஏ.வைக் கொண்டு கணித்தார்கள். நீலம், அடர்பழுப்பு இரண்டையும் இம்முறை நன்றாகக் கூறிவிடும். தடுமாறுவது இடைப்பட்ட நிறங்களில்தான். நம் மாணவியின் தேன் நிறம் அங்கேதான் வருகிறது. ஆய்வுக்கூடமே தயங்கும் இடத்தில், விருந்துக்கு வந்தவர் சோற்றுக் கையோடு தீர்ப்பு வழங்கிவிடுகிறார்.

பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களே, 'யாரைப் போன்றது' என்னும் அந்தக் கட்டத்தை நீக்கிவிடுங்கள். தத்துப் பிள்ளைகளும், தந்தை முகம் அறியாப் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். என் வகுப்பில் இவ்வாண்டு, கைக்கண்ணாடியில் தத்தம் கண்ணைப் பார்த்து வண்ணம் தீட்டச் சொன்னேன். எல்லாருமே கறுப்புப் பென்சிலைத்தான் முதலில் எடுத்தார்கள். சன்னலோரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தபின், பழுப்புப் பென்சில்கள் போதவில்லை.