வழிவிட்ட நீர்

இலண்டன் மாநகரின் ஸ்லோன் சதுக்க நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்தில் அண்ணாந்து பார்ப்போர் சிலரே. மேடைகளுக்கு மேலாக, தண்டவாளங்களைக் குறுக்கறுத்துச் செல்கின்றது ஒரு பெரிய இரும்புக் குழாய். அதனுள் ஓடுவது வெஸ்ற்போர்ன் ஆறு. 1868ஆம் ஆண்டில் அந்நிலையம் அமைந்தபோது, கழிவுநீர்க் கால்வாயாக மாறிவிட்டிருந்த அவ்வாற்றை நிறுத்த வழியில்லை. எனவே அதற்கு வழிவிட்டே நிலையம் எழுந்தது.

நீரைப் பகைத்தால் நேர்வது யாதென்பதை அந்நகரம் முன்னரே கண்டிருந்தது. 1862ஆம் ஆண்டு ஜூன் மாதம், உலகின் முதலாவது நிலக்கீழ்ப் புகையிரதப் பாதைக்கான அகழ்வினுள் பிளீற் கழிவுநீர்க் கால்வாய் உடைத்துக்கொண்டு புகுந்தது. பாதை 1863 ஜனவரியிலேயே திறக்கப்பட்டது.

மேற்படிப்புக்காகச் சென்றிருந்த நான் அக்குழாயின் கீழே நின்றபோது, என் நினைவு ஊருக்குத் திரும்பியது.

பயிற்சிப் பொறியியலாளனாக நான் பணியாற்றிய சிற்றூரில் புதிய புகையிரத நிலையமொன்று எழவிருந்தது. கட்டட அத்திவாரம் அமையவேண்டிய இடத்தில் பழைய குடிநீர்க் குழாய் கிடந்தது. தண்டவாளத்தின் மறுபுறத்துக் குடியிருப்புகளுக்கும் பாடசாலைக்கும் அதுவே நீர்வழி.

சரிவை நம்பி ஓடும் கழிவுநீரைப் பள்ளத்தில் இறக்கி ஏற்றுவது அரிது, வண்டல் தேங்கிவிடும். அமுக்கத்தால் ஓடும் குடிநீரையோ தண்டவாளத்தின் கீழாகவும் கொண்டுசெல்லலாம். அதற்கெனப் பெரிய உருக்கு உறையொன்றை மண்ணினூடே தள்ளி, அதனுள் நீர்க்குழாயைச் செலுத்தினோம். உட்குழாய் வெடித்தாலும் பாதையின் அடிமண் அரிக்கப்படாமல் உறை காக்கும். இருபுறமும் வால்வுகள், நீர் திரும்பும் வளைவுகளில் அதன் உந்துதலைத் தாங்கக் கொங்கிறீற் முட்டுகள்.

எஞ்சியிருந்தது அமுக்கப் பரிசோதனை. மானியின் முள் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டிருந்தது. பழைய குழாயை மூடுவதற்குக் குறித்த நாள் நெருங்கியிருந்தது. குழாயினுள் அடைபட்ட காற்றே காரணமென வாதித்து, அகழியை மூடச் சொன்னேன். குழாய் பொருத்தும் முதியவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“தம்பி, மண் மூடினாப் பிறகு ஆர் வந்து பாக்கிறது? இப்பவே பாத்திடுவம்” என்றார்.

பார்த்தோம். உறையின் வாய்க்கு வெளியே, முதலாவது பொருத்தில் இறப்பர் வளையம் முறுகியிருந்தது. இரயில் மேட்டின் அடிமண் ஏற்கெனவே ஈரமாகியிருந்தது. வளையத்தை மாற்றி, மீண்டும் பரிசோதித்து, குளோரீன் இட்டுக் கழுவிய பின்னரே புதிய வழியை இணைத்தோம். மூன்று நாட்கள் தாமதம். அதுவரை பழைய குழாயில் நீர் நிற்கவில்லை. வழி மாறியதை மறுபுறத்தார் அறியவுமில்லை.

புதியதொன்றை ஆக்குபவன், உள்ளதன் ஓட்டத்தை அறுக்காமல் ஆக்கவேண்டும் என்னும் பாடத்தை விரிவுரை மண்டபத்தில் நான் கேட்டிருந்தேன். அதனைக் கற்றது அந்த அகழியிலேதான்.

ஆயினும் நான் எழுதிய அறிக்கையில், “பரிசோதனையிற் குறை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது” என்றொரு வரியே இருக்கின்றது. கண்டறிந்தவர் யார், மூடச் சொன்னவர் யார் என்பதை அவ்வரி மறைத்துவிட்டது. ஸ்லோன் சதுக்கத்துக் குழாயையாவது அண்ணாந்தால் காணலாம். அம்முதியவரின் உழைப்போ மண்ணுக்குள் இருக்கின்றது. அவர் பெயரைத் தாளிலும் புதைத்தவன் நான்.