ஆவாரங்காடு முதல் பாலாறு வரை

ஆம்பூரில் தைக்கப்படும் பாதரட்சைகள் கடல் கடந்து செல்கின்றன. ஐரோப்பிய நகரங்களில் எத்தனையோ கால்கள் நம் ஊர்த் தொழிலாளரின் கைவேலையை அணிந்து நடமாடுகின்றன. ஆனால் அந்த ஆம்பூரைப் பார்க்க வருகிறவர்களில் நடப்பவர்கள் எத்தனை பேர்? பெங்களூர்ச் சாலையில் மோட்டாரில் வருகிறோம். பிரியாணிக் கடை வாசலில் இறங்குகிறோம். சீரகச் சம்பா அரிசியையும் அதற்குத் துணை வரும் கத்தரிக்காயையும் வாயாரப் புகழ்கிறோம். தோல் ஷாப்புகளின் வாடை காற்றில் வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறோம். இப்படிப் போகிறவர்களுக்கு அந்த வட்டாரம் வைத்திருக்கும் பெரிய பாடம் கிட்டுவதில்லை. அது காலால் படிக்க வேண்டிய பாடம்.

காலால் படிப்பது நம் தேசத்துக்குப் புதிதன்று. 1930-இல் காந்தியடிகள் தண்டிக்கு நடந்தார். அதே ஆண்டில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். பின்னர் வினோபா பாவே பூதானத்துக்காக ஊர் ஊராக நடந்தார். ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பேராசிரியர் அனில் குப்தா இந்த மரபை நிர்வாகக் கல்விக்குள்ளேயே கொண்டுவந்தார். 1998-இல் குஜராத்தில் அவரது முதல் 'சோத யாத்திரை', அதாவது தேடி அறியும் நடைப்பயணம், நடைபெற்றது. அதன்பின் கோடை வெயிலிலும் குளிர்காலப் பனியிலும் தேசத்தின் பல மூலைகளில் அவர் குழு நடந்திருக்கிறது. நிர்வாகம் பயிலும் மாணவர்களுக்கு அதை ஒரு பாடமாகவே வைத்து, இமயமலைக் கிராமங்களுக்கும் அவர்களை அழைத்துச் சென்றார். மனிதனுக்கு ஆசிரியர்கள் நால்வர் என்பது அவர் கொள்கை: தன் உள்ளம், உடன் நடப்பவர், இயற்கை, சாமானிய ஜனங்கள்.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது ஒரு வித்தை. கண்டுபிடித்ததை உலகத்தில் உலவவிட்டு, அதன் நன்மை தீமைகளுக்குப் பொறுப்பேற்று நடத்துவது மற்றொரு வித்தை. இந்த இரண்டாவது வித்தையைத்தான் கலாசாலைகளில் 'புதுமை மேலாண்மை' என்ற பெயரால் போதிக்கிறார்கள். அதைக் கற்பதற்குத் தமிழ் மாணவர்கள் இமயமலை வரை போகவேண்டியதில்லை. ஏலகிரியில் ஏறிப் பாலாற்றில் இறங்கினால் போதும். வழிகாட்டியாக ஒரு மலைவாசியையும், வயதான தோல் தொழிலாளி ஒருவரையும், ஆற்றோரத்து விவசாயி ஒருவரையும் அழைத்துக்கொள்வோம். அப்படியொரு பிரயாணத்துக்கு நேயர்களும் வாருங்கள்.

ஏலகிரிக்கு ஏறும் சாலையில் பதினான்கு கொண்டையூசி வளைவுகள் உண்டு. மேலே வசிக்கும் பழங்குடிகளுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். இவர்கள் கேரளத்தார் அல்லர். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லும் தமிழர்கள். உச்சியில் நின்று கிழக்கே பார்த்தால் ஜவ்வாது மலைத்தொடர் நீலமாகத் தெரியும். வடக்கே வாணியம்பாடியும், அதற்கப்பால் ஆம்பூரும், நடுவில் வெண்மணல் கோடாகப் பாலாறும் கிடக்கின்றன. ஒரு தொழிலின் பிறப்பிடம், வளர்ப்பிடம், கழிவிடம் மூன்றையும் ஒரே பார்வையில் காட்டும் இடம் இதைப் போல் எளிதில் வாய்க்காது.

அடிவாரத்துக்கு இறங்கினால் முதல் பாடம் மஞ்சளாகப் பூத்திருக்கிறது. ஆவாரஞ்செடியை அறியாத தமிழர் யார்? பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்கு அதன் பூவைத் தேடுகிறோம். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ?" என்று அதன் மருத்துவ குணத்தைப் பழமொழியாக்கி வைத்திருக்கிறோம். மழை பொய்த்த கரம்பிலும் தழைக்கும் இந்தச் செடியின் பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. பச்சைத் தோல் அழுகிப்போகாமல் பக்குவமான தோலாக மாறுவதற்கு அந்தத் துவர்ப்பே காரணம். ஆனால் பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். அந்தக் குறையை நீக்கக் கடுக்காய் நீரில் மறுபடி ஊறவைத்தார்கள். கரம்பின் பட்டையையும் காட்டின் காயையும் இப்படிச் சேர்த்தது ஒரு புதுமையல்லவா?

அந்தப் புதுமையின் பலன் சாமானியமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ராஜதானியின் பட்டைத் தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் லண்டன் சந்தையில் மதிப்புப் பெற்றது. முதல் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் சேனையின் பூட்ஸ்களுக்காக ஸர்க்காரே அதை வாங்கிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இவ்வர்த்தகத்தால் செழித்தன. தோல் வியாபாரத்தில் பொருள் ஈட்டிய முஸ்லிம் வணிகர்கள் கல்விக்கும் வாரி வழங்கினார்கள். வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. எனினும் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டியவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஏழைகள். செல்வத்தின் கணக்கைப் படிக்கும் மாணவன் அவர்களுடைய வெந்துபோன கைகளையும் அந்தக் கணக்கில் சேர்த்தே படிக்கவேண்டும்.

நகரத்துக்குள் நுழைந்தால் இரண்டாம் பாடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் குரோமிய உப்பினால் தோல் பதனிடும் முறையைப் பரிசோதித்தார். அவர் கருதியது நம் குடியானவனின் கவலை ஏற்றத்தை. ஏற்றச் சாலின் தோல் தண்ணீரில் ஊறி விரைவில் கெட்டுப்போகிறது; குரோமியத் தோல் நீருக்கு எளிதில் அசையாது. ஸர்க்கார் இப்படித் தொழில் தொடங்குவதை ஐரோப்பிய வியாபாரிகள் எதிர்த்தார்கள். 1910-இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆயினும் விதை முளைத்துவிட்டது; சென்னைக்கருகே ஒரு குரோமியத் தோல் கம்பெனி தோன்றி, குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயரையே நமக்கு அளித்துவிட்டது. சுதந்திர இந்தியாவில் 1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1970-களில் மத்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுத் தோலும் செருப்பும் இங்கேயே ஆகவேண்டும் என்று தூண்டியது. பட்டைக் குழியில் வாரக்கணக்கில் கிடந்த தோல், குரோமிய உருளையில் சில தினங்களுக்குள் பக்குவமாயிற்று. ஆயிரமாயிரம் பெண்களுக்குப் பாதரட்சைச் சாலைகளில் வேலை கிடைத்தது. பட்டை உரிக்கக் காட்டுக்குப் போன வழியோ புல் மூடிப்போயிற்று.

இத்துடன் பிரயாணம் முடிந்தால் எல்லாம் மங்களமே. ஆனால் நாம் ஆற்றுக்கும் போகவேண்டும்.

பாலாறு பெரும்பாலும் மணலில் மறைந்து ஓடும் நதி. அதன் ஊற்று நீரையும் கிணற்று நீரையும் நம்பியே கரையோரக் கழனிகள் விளைந்தன. சாதாரண முறையில் பதனிடும்போது குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் பிடிக்காமல் கழிவு நீரோடு போய்விடும். பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பும் அதனுடன் சேரும். இவை நதியிலும் நிலத்தடி நீரிலும் இறங்கின. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் 1991-இல் உச்சநீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் வந்த தீர்ப்பு உலகத்துச் சட்ட நூல்களில் இடம் பெற்றுவிட்டது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் மண்டலத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்தது என்றும் அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசு செய்தவனே அதற்குக் கிரயம் கொடுக்கவேண்டும் என்ற தருமம் இந்நாட்டின் சட்டமாயிற்று.

பிறகும் துன்பம் ஓயவில்லை. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உள்பட 10 பேர் மாண்டனர். அதே ஊரில், மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று லட்சத்துக்கு மேற்பட்ட டன் கழிவைக் குவித்து விட்டுச் சென்றது. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இழப்பீட்டையும் நதியின் சீரமைப்பையும் வற்புறுத்தி மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.

ஆகவே தோல் தொழிலே வேண்டாம் என்று சொல்லலாமா? அது வீட்டில் மூட்டைப்பூச்சி இருக்கிறதென்று வீட்டையே கொளுத்துவது போலாகும். இத்தொழிலை நம்பி எத்தனையோ குடும்பங்களில் உலை கொதிக்கிறது. கழிவு நீரைப் பொதுவாகச் சுத்திகரிக்கும் நிலையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. துளிக் கழிவும் வெளியேறாதபடி நீரை மீட்டெடுக்கும் முறைகள் வந்திருக்கின்றன. குரோமியத்தைத் திரும்பப் பெறவும், பதனிடும் கட்டத்தில் நீரே இல்லாமல் வேலை செய்யவும் அடையாற்று ஆராய்ச்சி நிலையம் வழி கண்டிருக்கிறது. ஆனால் நீரை மீட்டபின் மிஞ்சும் உப்பை எங்கே கொட்டுவது? இந்தக் கேள்வி இன்றும் குவியலாகவே நிற்கிறது.

இந்நடையின் சாரம் இதுதான்: பட்டைத் தொழிலைப் பெருக்கியவர்கள் காட்டையும் சந்தையையும் அறிந்திருந்தார்கள், குரோமியத்தைக் கொண்டுவந்தவர்கள் ரசாயனத்தையும் சந்தையையும் அறிந்திருந்தார்கள். இரு சாராரும் தங்கள் சரக்குப் போன வழியில் கப்பல்துறை வரை சென்றார்கள்; கழிவு போன வழியில் கிணறு வரை செல்லவில்லை. அந்த இரண்டாவது வழியில் நடந்திருந்தால், 1996-இல் நீதிபதிகள் எழுதியதை அதற்கு வெகு காலம் முன்பே ஒரு குடியானவன் வாய்மொழியாகச் சொல்லியிருப்பான்.

வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என்று 2019-இல் மூன்றாகப் பிரிந்த இந்த ஜில்லாக்களில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அவை ஆண்டுக்கு மூன்று நாளாவது மாணவர்களை இந்த வழியில் நடத்தி அழைத்துப் போகலாம். முதல் நாள் மலை, இரண்டாம் நாள் ஆவாரங்காடும் தோல் ஷாப்பும், மூன்றாம் நாள் ஆற்றங்கரைக் கிணறு. நாளைக்குப் புதிய உபாயம் ஒன்றைக் கண்டுபிடிக்கப்போகும் பிள்ளை, அந்தக் கிணற்று நீரை உள்ளங்கையில் ஏந்தி, "இதைக் குடிக்கலாமா?" என்று விவசாயியைக் கேட்கட்டும். உலகத்தின் பாதங்களுக்கெல்லாம் ரட்சை செய்து அனுப்பும் நாட்டில், நம் பிள்ளைகளின் பாதங்களுக்கும் சற்று வேலை கொடுப்பது நியாயந்தானே!