இங்கிலீஸ் விஞ்ஞானக் கொப்பிக்குள்ளும் இருக்கிறது



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஆறாம் தரத்தில் ஆங்கில மொழிமூல வகுப்பு தொடங்க வேண்டும் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றார் பலர் கேட்டார்கள். அதன் பிறகு ஊரில் வட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் வாதம் எல்லோருக்கும் தெரியும். "சேர்மார்தான் வேணாம் எண்டு நிக்கிறாங்களாம்" என்று எங்கள் காதுக்கும் வந்தது. நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடிக்கு முன் அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒருவர் ஒன்பதாம், பத்தாம் தரங்களுக்கு விஞ்ஞானம் எடுப்பவர், மற்றவர் அதே வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுப்பவர். ஒரே கலாசாலையில் பயிற்சி பெற்றவர்கள். இரண்டு தவணையாக ஒரு வேலையைச் சேர்ந்து செய்து வருகிறோம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலாம், இரண்டாம் தரங்களில் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாய்மொழியாகப் பழக்கப்படுகிறது. மூன்றாம் தரத்தில் பாடமாகத் தொடங்குகிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும்போது ஒன்பது வருடம் முடிந்திருக்கும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் "நேற்று ஏன் வரல்ல?" என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டு நிலத்தைப் பார்க்கும். பிள்ளைக்கு மூளை இல்லாமலா? இல்லை. ஆங்கிலம் நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் பூட்டிக் கிடக்கிறது. மணி அடித்தால் கொப்பியை மூடுவது, மறுகா அடுத்த பாடவேளையில்தான் திறப்பது. இடையில் அந்த மொழிக்கு எந்த வேலையும் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு வேற்று மொழிச் சொல் பிடிபடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ருகூஉ என்றால் என்ன, சுஜூது என்றால் என்ன என்று தெரியும். யாரும் அகராதி காட்டவில்லை. வாப்பாவுக்குப் பக்கத்தில் நின்று குனிந்தது, நெற்றியை நிலத்தில் வைத்தது. சொல்லும் செயலும் ஒன்றாகவே உள்ளே போயின. பின்னேரம் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். நோ போல், வைட், ரன் அவுட், எல்.பி.டபிள்யூ. இந்த எல்.பி.டபிள்யூ சட்டத்தை ஒழுங்காக விளக்கச் சொன்னால் நமக்கே திணறும். பத்து வயதுப் பொடியன் அதை வைத்து அரை மணித்தியாலம் சண்டை பிடிப்பான்.

இன்னொரு பழக்கமும் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. குர்ஆன் மத்ரஸாவில் பொருள் தெரியாமலேயே அழகாக ஓதுகிறார்கள். அது இபாதத், அதற்கு நன்மை உண்டு, அதில் யாருக்கும் பேச்சில்லை. ஆனால் அதே ஓதலை விஞ்ஞானக் குறிப்புக்கும் கொண்டு வந்தால் எப்படி? வேறொரு ஊரில் ஆங்கில மொழிமூலத்தில் படிக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒன்று, ஒளித்தொகுப்பின் வரைவிலக்கணத்தை ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் ஒப்புவித்தது. உம்மாவுக்குப் பெருமை தாங்க முடியவில்லை. "இலைக்குத் தண்ணி எங்க இருந்து மகள் வருது?" என்று கேட்டோம். தமிழிலும் பதில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை.

எங்கள் பயமெல்லாம் இதுதான். 2001, 2002 காலப்பகுதியில் அரச பாடசாலைகளில் ஆங்கில மொழிமூலம் திரும்பவும் வந்தபோது, எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லவில்லை. சமயம், தாய்மொழி, வரலாறு தாய்மொழியிலேயே நிற்க, விஞ்ஞானம், கணிதம் போன்ற சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. இருமொழிக் கல்வி என்ற பெயரே அதனால் வந்தது. இரண்டு மொழியும் பக்கத்தில் பக்கத்தில் வளர வேண்டும். ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? ஆசிரியர் தமிழில் விளக்குகிறார், மறுகா புத்தகத்தில் உள்ள ஆங்கிலக் குறிப்பைச் சொல்ல, பிள்ளை எழுதுகிறது. விளக்கத்துக்கும் குறிப்புக்கும் நடுவில் பாலம் இல்லை. அந்தப் பாலத்தை டியூஷன் கட்டும் என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

பாடத்தோடு சேர்த்து மொழியைக் கற்பிப்பதற்கு 1994இல் டேவிட் மார்ஷ் என்ற அறிஞர் ஒரு பெயர் வைத்தார். அதன் சுருக்கம் கிளில். ஒரு பாடத்துக்கு இரண்டு நோக்கம்: பிள்ளை விஞ்ஞானத்தில் ஒன்றை அறிய வேண்டும், அந்த ஒன்றைச் சொல்ல மொழியில் ஒன்றைப் பெற வேண்டும். கலாசாலையில் இதைப் பரீட்சைக்காகத்தான் படித்தோம். வகுப்பில் அதற்கு ஒரு முட்டை தேவைப்பட்டது.

ஒன்பதாம் தரத்தில் அடர்த்தி பாடம். இரண்டு கிளாஸ் தண்ணீர், ஒன்றில் நான்கு மேசைக்கரண்டி உப்பு. சாதாரணத் தண்ணீரில் முட்டை அமிழும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். பிள்ளைகள் பார்த்தார்கள், காரணத்தைத் தமிழில் பேசினார்கள், எழுதினார்கள். அது முடிந்த பிறகுதான் பலகையில் ஒரேயொரு ஆங்கில வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுதினோம்: 'சோல்ட் வோட்டர் இஸ் டென்சர் தேன்...' (தமிழில் எழுதினால் தேன் மாதிரித்தான் வருகிறது, என்ன செய்ய.) மீதியை நீங்கள் சொல்லுங்கள் என்றோம். அதே கிழமை ஆங்கிலப் பாடவேளையிலும் ஒப்பிட்டுச் சொல்வதுதான் பாடம். 'அலி இஸ் டோலர் தேன் அஹமட்' என்று இந்தப் பிள்ளைகள் எத்தனை வருடம் இடைவெளி நிரப்பியிருப்பார்கள்! அலி உயரமானால் என்ன, கட்டையானால் என்ன, யாருக்கும் கவலை இல்லை. இங்கே கவலை இருந்தது. பின் வரிசையில் வாயே திறக்காத ஒரு பிள்ளை, "தேன் தி எக்" என்றாள். இன்னொருவன், "இல்ல சேர், தேன் ஃப்ரெஷ் வோட்டர்" என்றான். இரண்டும் சரி. எது எதைவிட அடர்த்தி என்று பாதி தமிழ், பாதி ஆங்கிலத்தில் வகுப்பே வாதாடியது. முட்டை நடுவில், சாதாரணத் தண்ணீர் கீழே, உப்புத் தண்ணீர் மேலே என்று மூன்றையும் வரிசைப்படுத்தி ஒருத்தி மூன்று வாக்கியம் எழுதினாள். பரீட்சைக்கு யாரும் அதைக் கேட்கப்போவதில்லை.

பக்கத்து வகுப்பில் அதே பரிசோதனையைச் செய்தபோது ஒரு முட்டை சாதாரணத் தண்ணீரிலேயே மிதந்தது. கடையில் எத்தனை நாள் கிடந்ததோ! பழைய முட்டையில் நீர் ஆவியாகி உள்ளே காற்றறை பெருக்கும், அதனால் மிதக்கும். ஒரு பொடியன் எழும்பி, "சேர், திஸ் எக் இஸ் ஓல்டர் தேன் யூ" என்றான். இலக்கணம் சரி என்பதால் இருக்கச் சொல்லிவிட்டோம்.

எங்கள் முறை இவ்வளவுதான். விளக்கம் தமிழில். அந்தப் பாடத்தின் உயிரான ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில். விஞ்ஞான ஆசிரியர் அதைப் பலகையில் விட்டுப் போவார், ஆங்கில ஆசிரியர் அடுத்த பாடவேளையில் அதை எடுத்து நீட்டுவார், திருப்புவார், கேள்வியாக்குவார். ஒளித்தொகுப்பில் இலையை வேகவைத்து, அயடீன் விட்டு, மாப்பொருளைச் சோதிக்கிறோமே, அந்தப் படிமுறையை எழுத வரும்போதுதான் செயப்பாட்டு வினை எதற்கு என்று பிள்ளைக்கு விளங்குகிறது. யார் வேகவைத்தார் என்பது அங்கே முக்கியமில்லை, இலைக்கு என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். தனி இலக்கணப் பாடத்தில் இதை விளக்க நாங்கள் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

கணித ஆசிரியரும் இப்போது எங்களோடு சேர்ந்திருக்கிறார். அவர் கொண்டு வந்த உதாரணம் எங்களையே உலுக்கியது. '5 லெஸ் தேன் எக்ஸ்' என்றால் x − 5. '5 இஸ் லெஸ் தேன் எக்ஸ்' என்றால் 5 < x. ஒரு 'இஸ்' வந்ததும் கழித்தல், சமனிலியாக மாறிவிடுகிறது. அதுவும் தமிழில் 'xஇலும் 5 குறைவு' என்று x முன்னால் வரும், ஆங்கிலத்தில் 5 முன்னால் வரும். கேட்ட ஒழுங்கில் எழுதும் பிள்ளை 5 − x என்று எழுதிவிடும். 'இன்டூ' இன்னொரு கூத்து. நம் ஊரில் பெருக்கலுக்கு இன்டூ என்கிறோம். ஆங்கிலேயர் '2 இன்டூ 6' என்றால் ஆறை இரண்டால் வகுக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் கணக்கில் பிழை விடவில்லை, வாசிப்பில் விடுகிறார்கள். இதை ஆங்கிலப் பாடவேளையில் யார் சொல்லிக் கொடுப்பார்? புத்தகத்தில் அங்கே கடிதம் எழுதுவதும் கதையும்தானே இருக்கும்.

'சொலூஷன்' கணிதத்தில் தீர்வு, இரசாயனத்தில் கரைசல். 'வொலியூம்' ரேடியோவில் சத்தம், வகுப்பில் கனவளவு. 'வேர்க்' என்றால் வேலை என்று பிள்ளைக்குத் தெரியும். ஆனால் நெல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பவர் பௌதிகக் கணக்கில் மூட்டையின் மேல் வேலை எதுவும் செய்யவில்லை. வயலில் நிற்கும் வாப்பாவிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள் என்று வகுப்பில் சொல்லி வைத்தோம்.

புவியியலும் அப்படியே. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது கொழும்புப் பக்கம் மழை, நமக்கு வெக்கை. தென்மேல் பருவக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து இந்தப் பக்கம் வருகிறது. 'பிகோஸ்', 'ஆல்தோ' இரண்டையும் இதைவிட நன்றாகப் பழக்க எந்த இலக்கணப் புத்தகத்தில் இடம் இருக்கிறது? சிறுபோகத்துக்குச் சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது வாழ்க்கை.

கனடாவில் இருந்த அறிஞர் ஜிம் கமின்ஸ் 1979இல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். பேச்சு மொழி வேறு, படிப்பு மொழி வேறு. குடியேறிய பிள்ளைகளுக்குப் பேச்சு ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வரும், பாடத்தை விளங்கி எழுதும் மொழிக்கு ஐந்து தொடக்கம் ஏழு வருடம் போகும். அது சுற்றிவர ஆங்கிலம் கேட்கும் நாட்டில். ஆறு மாத 'ஸ்போக்கன் இங்கிலீஸ்' வகுப்புக்குக் காசு கட்டிவிட்டுக் காத்திருக்கும் பெற்றாருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்: அந்த வகுப்பு கெட்டதில்லை, ஆனால் அது தருவது வேறு.

உயர்தரம் வரை தமிழில் படித்து, நல்ல பெறுபேற்றோடு விஞ்ஞான பீடம் போன நம் ஊர்ப் பிள்ளை ஒன்று முதல் மாதத்தில் அனுப்பிய குரல் பதிவு இன்னும் எங்கள் கைப்பேசியில் இருக்கிறது. விரிவுரையில் கேட்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, இரவில் அது எந்தச் சொல் என்று தேடுகிறாளாம். பாடம் அவளுக்குத் தெரியும். அதை ஆங்கிலத்தில் ஒரு தடவையாவது சொல்லிப் பார்க்க அவளுக்கு இங்கே இடம் கிடைக்கவில்லை.

"பாடத்திட்டம் முடியுமா சேர்?" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு வாக்கியத்துக்கு ஐந்து, ஆறு நிமிடம் போகும். சில நாள் அதுவும் கிடைக்காது, அன்றைக்கு விட்டுவிடுவோம். நம் பிள்ளைகள் விஞ்ஞானப் பரீட்சையைத் தமிழில் எழுதுவதால், தமிழ்க் கலைச்சொல்லில் கை வைப்பதில்லை. காபனீரொட்சைட்டு காபனீரொட்சைட்டாகவே நிற்கும்.

இனி ஆறாம் தர வகுப்பு. தொடங்கலாம். ஆனால் புலமைப்பரிசில் புள்ளியை வைத்து முப்பது பிள்ளைகளைப் பிரித்து எடுத்து, மற்றவர்களை 'தமிழ் கிளாஸ்' என்று அழைக்கும் வகுப்பாக அது ஆகக் கூடாது. பதினொரு வயதில் பிள்ளை அந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு பல வருடம் இருக்க வேண்டும். யார் படிப்பிக்கப் போகிறார், அவருக்குப் பயிற்சி எங்கே என்பதைக் கேளுங்கள். வகுப்பு வந்தாலும் வராவிட்டாலும் தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வாக்கிய வேலை எல்லாத் தரத்திலும் நடக்க வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் கோரிக்கை அதுதான்.

வீட்டிலும் ஒன்று செய்யலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் விஞ்ஞானப் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாக இருக்கிறது. அதே பாடம், அதே படம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, படத்தின் கீழுள்ள பெயர்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உம்மாவுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. "இது என்ன மகன், எனக்குச் சொல்லித் தாங்க" என்று கேட்டால் போதும்.

வரும் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் சங்கம் திரும்பவும் கூடுகிறது. உம்மாமாருக்குத் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறோம். வரும்போது பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியை விடுங்கள், விஞ்ஞானக் கொப்பியைக் கொண்டு வாருங்கள்.