உள்வாய்

முதுகுளத்தூர்ப் பக்கம் போகும் பேருந்தில் என் அருகே உட்கார்ந்திருந்த பையன் சன்னலுக்கு வெளியே கைகாட்டி, "இங்கயும் காடு இருக்கா சார்?" என்று கேட்டான். வெளியூர்ப் பிள்ளை. அவன் காட்டியது எங்கள் கண்மாயை. சீமைக்கருவேலம் கரைக்குக் கரை அடைத்துக் கிடந்தது.

"காடு இல்லப்பா, கண்மாய்" என்றேன். அவன் நம்பவில்லை.

சின்ன வயதில் எனக்கு இதற்கு நேர்மாறான மயக்கம். மலை மாதிரி, கடல் மாதிரி, கண்மாயும் தானாக இருப்பது என்று நினைத்திருந்தேன். மார்கழியில் தண்ணீர் கரையை முட்டும். உள்வாயில் நாட்டுக்கருவேல மரங்கள் இடுப்பளவு நீரில் நிற்க, உச்சியில் நத்தைகுத்தி நாரைகள் அலகைத் தட்டிக்கொண்டிருக்கும். எச்சம் விழுந்து மரமே வெள்ளையடித்த மாதிரி ஆகிவிடும். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு வேறு உரம் எதற்கு என்பார் ஐயா. அது மனிதர் கட்டிய கரை, தேக்கிய நீர். அந்த நாரையே அதை நம்பித்தான் வந்தது என்பது எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை.

ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத 48 மடை' என்பார்கள் எங்கள் பக்கம். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நாரையால் ஒரே மூச்சில் பறக்க முடியாதாம். மிகைதான். ஆனாலும் கண்மாயை அளக்க நாரையைத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள்!

ஒவ்வொரு மழையும் வரத்துக்கால் வழியே வண்டலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும். அள்ளாவிட்டால் கண்மாய் மேடுதட்டிவிடும். பங்குனியில் ஒருநாள், முழங்காலளவு நீர் மிஞ்சும்போது, கண்மாய் அழிப்பார்கள். ஊரே ஊத்தாவோடு இறங்கும். விரால், கெளுத்தி, கெண்டை. அன்று எந்த வீட்டிலும் குழம்பு வாசனைக்குப் பஞ்சமில்லை. அப்பத்தா அயிரையை மண்சட்டியில் போட்டு உப்புத்தூவி உரசுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் சித்திரை. உள்வாய் பாளம் பாளமாக வெடிக்கும். மாட்டுவண்டிகள் வரிசையாக இறங்கிக் கரம்பை அள்ளும். வயலுக்கு அது உரம், கண்மாய்க்கு ஆழம். அந்த ஆழத்தில்தான் அடுத்த வருஷத்து மீன். அந்த மீனுக்கும் நத்தைக்கும்தான் பறவை.

யூரியா மூட்டை வந்தது. கரம்பை அள்ளுவதை நிறுத்துவோம் என்று ஊர் கூடி யாரும் முடிவெடுக்கவில்லை. ஒரு வருஷம் ஏழு வண்டி இறங்கியது, மறுவருஷம் மூன்று. பிறகு வண்டியே இல்லை. மேடுதட்டிய அந்த இடத்தில்தான் சீமைக்கருவேலம் காலூன்றியது.

அதுவும் தானாக வந்ததல்ல. கடலுக்கு அப்பால் அமெரிக்கக் கண்டத்து மரம். 1870-களில் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து, அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பை மாவட்டத்தில் ஊன்றினார்கள். எங்கள் ஊரில் ஆகாய விமானத்திலிருந்து தூவினார்கள் என்பது ஐயா சொன்ன கதை. எனக்கு ஆடுகள்மேல்தான் சந்தேகம். இனிப்பான நெற்றைத் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் புழுக்கையோடு விதைத்துக்கொண்டே போகும். அந்த ஆடுகளை மேய்த்தவன் நான்.

மரத்தைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நானும் திட்டுவேன். குதிகாலில் ஒடிந்த முள்ளுக்கு அப்பத்தா எருக்கம்பால் விட்டுவிட்டு ராத்திரி முழுக்க என் காலைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆனால் மழை பொய்த்த வருஷங்களில் எங்களுக்குச் சோறு போட்டதும் அதே மரம்தான். ஐயா விறகைக் கூம்பாக அடுக்கி, சருகு மூடி, மண் பூசி மூட்டம் போடுவார். நாள்கணக்கில் காவல். எங்காவது உள்வாங்கினால் ஓடிப்போய் மண்ணள்ளிப் போடவேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் சாம்பல். புகை வெள்ளையாக வந்துகொண்டிருக்கும்வரை வேகவில்லை என்று அர்த்தம். நீலம் தட்டினால் கரியாகிவிட்டது. அக்கா கல்யாணம் அந்தக் கரிக்காசில் நடந்தது.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றச் சொன்னபோது எங்கள் கண்மாயிலும் பொக்லைன் இறங்கியது. நானும் போய் நின்று பார்த்தேன். இரண்டு மழைக்குள் மறுபடியும் தளிர். கரம்பை அள்ள ஆளில்லாத கண்மாயில் மரத்தை மட்டும் பிடுங்கி என்ன செய்ய?

பேருந்தைவிட்டு இறங்கிக் கரைமேல் நடந்தேன். மடைத்தூண்கள் இரண்டும் முள்ளுக்குள் நின்றன. நாட்டுக்கருவேலம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நாரைகள் சீமைக்கருவேலத்திலேயே கூடு கட்டியிருந்தன.

மரத்தை ஏலம் எடுத்தவர் கரையில் உட்கார்ந்திருந்தார். "இந்தப் பக்கம் வெட்டக் கூடாதுன்னு ஊர்ல சொல்லிட்டாங்கண்ணே. குஞ்சு பறக்கணுமாம்" என்றார்.

"அதுவரைக்கும் ஆளுகளுக்கு வேலை?"

மேட்டுப்பக்கம் கைகாட்டினார். புகை எழுந்துகொண்டிருந்தது. நீலம் தட்டியிருந்தது. நாளை மறுநாள் மூட்டம் பிரித்துவிடலாம்.